ஐஸ் கணக்கு

காசிமேட்டு ஐஸ் கம்பெனி வாசலில்
விடிகாலை நாலரைக்கு
வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் வாங்க நிற்கும் வரிசையில்
கால்களுக்கு வாங்க நிற்பவள் நான் ஒருத்திதான்.

வர்கீஸ் கோச்சாக இருந்தவரை
வாரத்துக்கு இரண்டு பார்.
அதிலும் பாதி ரோஸ் மில்க்குக்குப் போய்விடும்.
"எத்தினி?" என்பார் தேசப்பன்,
காதுப் பேனாவை எடுக்காமலே.

இந்த சீசனில் ஒன்பது.
பேனாவை எடுத்தார்.
"புது கோச்சா?"
ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை அவர்.
ஐஸ் போகிற வேகத்தை வைத்துக்
கடலில் என்ன பாடு என்று சொல்கிறவர்.

வர்கீஸின் ஆட்டம்
கதவைச் சாத்திக்கொள்ளும் ஆட்டம்.
பத்துப் பேரும் பெட்டிக்குள்.
பந்து வரட்டும், உதைத்துத் தள்ளு, மூச்சு வாங்கு.
அப்போது எனக்கு வாய்த்தவை வேறு:
ஒரே பந்துக்கு எழும்பிய இரண்டு மண்டைகள்,
புருவத்தில் நாலு தையல்,
கணுக்காலில் அடுத்தவன் ஸ்டட் குத்திய புள்ளிக்கோலம்.
இடித்தவனைக் கைகாட்டலாம்,
அவன் வீட்டாரையும் சேர்த்துத் திட்டலாம்.
கடைசிக்கு முந்தின இடம்.
முக்கால்வாசிப் பேர் நொண்டாமல் வீடு போனோம்.

புதியவர் பெயர் தயாளன்.
பந்து பறிபோனால் ஐந்து நொடிக்குள்
திரும்ப நம் காலில் இருக்க வேண்டும்.
அவர் வேதம் அவ்வளவுதான்.
கோல்கீப்பர் வரைக்கும் விரட்டு,
விரட்டின வேகத்திலேயே திரும்பி ஓடு.
வியாசர்பாடி மைதானத்துக்கு மேலேயோ
நாலு மணிக்கும்
அடுப்பை அணைக்க மறந்திருக்கும் யாரோ.

ஜெயித்தோம்.
அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி.
ஏழு ஆட்டத்தில் ஆறு.
முல்லை நகர் பொடியன்கள் சுவரேறி உட்கார்ந்து
ஒண்ணு ரெண்டு மூணு என்று
ஐந்து வரைக்கும் எண்ணிக் கத்தினார்கள்.
நானும் எண்ணியிருக்கிறேன், ஒருமுறை, எழுந்து நின்று.

என் நோட்டில் எழுத்து நெருங்கியது.
பின்தொடை, இடது. பின்தொடை, வலது.
கெண்டை. கவட்டை.
மறுபடி இடது, அதே பையன்.
யாரும் தொடவில்லை.
ஆளில்லாத இடத்தில் ஓடிக்கொண்டிருந்தவன்
சட்டென்று நின்று
கல்லெறிந்தது யார் என்று திரும்பிப் பார்ப்பான்.
பின்னால் மைதானம்தான் இருக்கும்.

நோட்டைத் தயாளனிடம் கொடுத்தேன்.
கடைசிப் பக்கம் வரை படித்தார்.
அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாமல் போவது
இப்படிப்பட்ட நேரங்களில்தான்.
"புதன்கிழமை ஓட்டத்தை மட்டுமாவது குறைக்கலாமே."
"குறைச்சா அஞ்சு நொடி எட்டாகும், டாக்டர்."
நான் டாக்டர் இல்லை.
மாட்டேன் என்பதற்கு முன்னால்
அப்படித்தான் கூப்பிடுவார்.

அரையிறுதிக்கு இரண்டு நாள் முன்பு
ரெஜீஸ் வந்து குப்புறப் படுத்தான்.
"லேசா புடிக்குதுக்கா."
கட்டைவிரலுக்கடியில் முறுக்கிய கயிறு.
விரல் சொன்னது எனக்குப் புரிந்தது.
வாசலில் நின்று தயாளன் கேட்டார், "ஆடுவானா?"
ரெஜீஸ் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

நீல டேப்பை அளந்து வெட்டியது
என் கைதான்.

எழுபத்தோராவது நிமிடம்.
ஒரு கோல் முன்னால் இருக்கிறோம், நிற்கலாம்.
அவனுக்கு நிற்கச் சொல்லித்தரவில்லை.
நாலாவது நொடியில்
பின்னால் திரும்பிப் பார்த்தான்.

ஸ்டான்லிக்குப் போகிற ஆட்டோவில்
காலை என் மடியில் நீட்டிக்கொண்டு
மூலக்கொத்தளம் தாண்டுகிறவரை பேசவில்லை.
அப்புறம், "கோச் கோவமா இருக்காராக்கா?"
இல்லை என்றேன்.
"எத்தினி வாரம்?"
சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நாலரை.
ஈரக் கோணி, மீன்கவிச்சி,
உடைகல்லில் பார் நொறுங்கும் சத்தம்.
"நேத்து இன்னா ஆச்சு?" என்றார் தேசப்பன்.
"ஜெயிச்சோம்."
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
பத்து என்று எழுதிக்கொண்டார்.